நூலகக் கூரை: பதினொன்று

கிரான்யா டூஹிக்காகக் கதவு தட்டப் போனது
கொள்கையால் அல்ல.
குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்
என்ற கவுன்சில் அறிவிப்புக்கு
அன்று மூன்று வயது நிறைந்தது.
நோரீன் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி
கெட்டில் பக்கத்தில் வைத்திருந்தாள்.
ஓட்டுக் கேட்டு வந்த கிரான்யா
அதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.
ஊதி அணைக்கலாமா என்று கேட்டாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
காலையில் ஒரு நடை, மூன்று மணிக்கு ஒரு நடை.
இடைப்பட்ட பகல் உழவாரன்களுக்கு.
மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வருபவை,
ஆகஸ்டில் சொல்லிக்கொள்ளாமல் போகிறவை,
தூக்கத்தையும் பறந்தபடியே முடித்துக்கொள்பவை.
இந்த ஊரில் அவற்றுக்கு ஓட்டு இல்லை,
ஓட்டு இடுக்கில் வீடு உண்டு.
எங்களில் நிறையப் பேருக்கு இது தலைகீழ்.

சட்டைப்பையில் ஒரே நோட்டு.
முன்பக்கத்திலிருந்து பறவைகள்,
பின்பக்கத்திலிருந்து வாக்காளர்கள்.
மே முடிவதற்குள் இரண்டும்
நடுவில் சந்தித்துக்கொண்டன.

மில் தெரு, நாலாம் எண்: ஆம்.
நாய் கடிக்காது என்றார். கடித்தது.
ஒன்பதாம் எண்: முதல் விருப்பம் மச்சானுக்காம்.
இரண்டாவதையாவது கொடுங்கள் என்றேன்.
மல்லாக்கி யோசித்தார்.
கல்யாணமே எனக்கு இரண்டாம் விருப்பம்தான்,
குறை ஒன்றுமில்லை என்றார்.
உள்ளே ஒரு கரண்டி விழுந்தது.

கால்வாய்க் குடியிருப்பு, மாடி:
இறைச்சி ஆலையில் எலும்பு பிரிக்கும் எலியானி,
பிரேசிலிலிருந்து வந்து ஒன்பது வருடம்.
நான் இந்த நாட்டுக்காரி இல்லையே என்று
கதவைச் சாத்தப் போனாள்.
கவுன்சிலுக்குப் போடலாம்,
இங்கே குடியிருந்தால் போதும், பதிந்துகொள்ளுங்கள் என்றேன்.
ஒன்பது வருடமாகவா?
ஆமாம்.
யாரும் சொல்லவில்லையே என்றாள்,
என்னையே பார்த்தபடி.
அவள் பிள்ளைகள் இரண்டு பேரும்
என் பேருந்தில்தான் வருகிறார்கள்.
இதற்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது
என்று தெரியவில்லை.

அந்த வாரங்களில்
கொடியில் காய்ந்த துணி மறுபடியும் நனைந்தது.
துண்டறிக்கை மடித்துக்கொண்டே
மகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், தப்பாக.
நோரீன் இரவுப் பணிக்குக் கிளம்பும்போது
டூஹியின் ஆள் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாள்.

வாக்குப்பதிவுக்கு முந்தின ராத்திரி
நோட்டை வாங்கிப் போன கிரான்யா
பதினொன்றரைக்குப் போன் செய்தாள்.
ஃபியக்ரா, நூலகக் கூரையில் பதினொரு பேரா?
யார் இவர்கள்? கூரையில் என்ன செய்கிறார்கள்?
நான் சொல்வதற்குள் அடுத்ததைப் படித்தாள்:
கிழக்குச் சுவர், நாலு ஜோடி, கூச்சல் அதிகம்.
உறுதியான ஆதரவு என்று கூட்டிவிட்டேனே.
சிரித்தோம், நோரீன் மட்டும் இருந்திருந்தால்.

எண்ணிக்கை விளையாட்டு அரங்கில்.
தடுப்புக் கம்பியில் வயிறு அழுந்தச் சாய்ந்து
பென்சிலால் கோடு கோடாக எண்ணினோம்.
எனக்கு அது பழகிய வேலை,
இந்தச் சீட்டுகள் பறக்கவில்லை, அவ்வளவுதான்.
ஆறாவது சுற்றில் பதினாலு ஓட்டில்
கிரான்யா வெளியேறினாள்.
அவளுக்கு விழுந்ததை எடுத்து
அடுத்தடுத்த பெயர்களுக்குப் பங்கு வைத்தார்கள்.
அதில் மல்லாக்கியின் மச்சான் கரையேறினார்.

ஒரு வாரத்துக்குள் தட்டிகளைக் கழற்ற வேண்டும்.
நூலகத்தெதிர்க் கம்பத்தில் நான் ஏணிமேல்,
கீழே ஏணியைப் பிடித்தபடி அவள்.
கேபிள் டை அறுந்து
அவள் முகம் அவள் தலைக்கு மேலாக இறங்கியது.
அப்போது அவை வந்தன,
கத்திக்கொண்டு, கூரையை உரசுவதுபோல்.
ஒவ்வொன்றாக எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

பத்துதான், ஒன்றைக் காணோம் என்றேன்.

அவள் கழுத்தை வளைத்து
வெகுநேரம் மேலே பார்த்தாள்.
தீர்மானிக்கவில்லை என்று எழுது என்றாள்.