நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்

புதுத் தராசு வந்து ஒன்பது நாள்.
பெட்டியோடு ஒரு சீடி, அதற்குள் மென்பொருள்.
போட்டால் கணனி சொல்கிறது,
இதை நிறுவ உங்களுக்கு உரிமை இல்லை,
நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
மஸ்கெலியாவில் பிறந்தவளுக்கு
இதைக் கணனியா சொல்லித்தர வேண்டும்?
லயத்துச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க,
ஓட்டைத் தகரம் மாற்ற,
வாசலில் ஒரு கொய்யாக் கன்று நட
அப்பா நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்கள்
இதே அலுமாரியில்தான் கிடக்கின்றன,
இரண்டாம் தட்டு, எலி கடித்த கோப்பு.
கொய்யாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொழும்புக்கு அடித்தேன்.
எடுத்தவன் நுவன். நல்ல பையன்தான்.
"அக்கே, மவுசைத் தொடவேணாம்."
அம்பு தானாக நகர்ந்தது.
கடவுச்சொல் விழுந்தது, பதினொரு கறுப்புப் புள்ளி.
எனக்கு எண்ணத்தான் முடிந்தது.

தராசும் கணனியும் பேசத் தொடங்கியதும்
அவன் சோறு தின்னப் போய்விட்டான்,
கதவைச் சாத்தாமல்.
திரையின் மூலையில் இன்னும்
நிர்வாகி என்றே இருந்தது.
அதற்கு முன்னால் நான், இருபது நிமிடம்.

துரையின் கோப்பு எதையும் திறக்கவில்லை, சத்தியமாக.
கைப்பையில் மாத்திரை அட்டைக்கடியில்
மூன்று மாதமாய்க் கிடந்த பென்டிரைவை எடுத்தேன்,
தமிழ் விசைப்பலகை.
நிறுவவா என்றது.
நிறுவு.

பிறகு நிறுவைச் சீட்டு அச்சாகும் பக்கம்.
என்றைக்கும் மூன்று இங்கிலீஷ் எழுத்து நிற்கும் இடத்தில்
கழிவு என்று அடித்தேன்.
ழுவைத் தேடத்தான் நேரம் பிடித்தது.

நாலரை மணி நிறுவை. மழை.
முதல் சீட்டு செவனம்மாவுக்கு.
கொழுந்துக் கறை விரலால் பிடித்து
எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
கொழுந்து இருபத்தொன்று. கழிவு மூன்று.
"என்னா கழிவு?"
"தண்ணிக்கு" என்றார் கணக்கப்பிள்ளை,
மழையைக் காட்டி.
இடுப்பு முடிச்சிலிருந்து நேற்றைய சீட்டை எடுத்தாள்,
கைச்சீட்டு, அதே இடம், அதே மூன்று.
"நேத்து வெயிலுல்ல?"
வரிசையில் ஒவ்வொருத்தியும்
முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

இன்று காலை நுவன் பேசினான்.
"அக்கே, ஏதோ ஒண்ணு கூடியிருக்கு. எடுத்திருங்க."
எடுப்பதற்கு எனக்கு உரிமை இல்லையே தம்பி, என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
சிரித்தானா, தெரியவில்லை.

வைக்கிறேன்.
பழைய சீட்டுகளோடு ஏழு பேர்
ஆபீஸ் வாசலில்.