செவ்வாய், சலவை அறை

பீல் என்றும் பியேன் என்றும்
தெருப் பலகையெல்லாம் இரண்டு பெயர் எழுதிய ஊர்.
உன் முகத்துக்கு அதைவிடக் கூட.

வாயு, என்றார் தாய்சேய் ஆலோசகர்,
நிறைத்தட்டில் உன்னைக் கிடத்தி
இலக்கத்தைப் பார்த்தபடி.
தன் தகப்பனின் வீம்பு, என்றா மாமி வீடியோவில்.
படம் இடையில் உறைந்து நின்றது.
உறைந்த முகத்துக்கும் ஒரு விளக்கம் சொன்னா.
நித்திரையில் உதடு கோணினால்
நரி வெருட்டுது என்கிறார் குகதாசன்.
அந்த நரியை நேற்று வேலை முடிந்து வரும்போது
குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் கண்டாராம்.
வால் நுனி வெள்ளையாம்.

செவ்வாய் எங்கள் முறை,
சலவை அறைக் கதவில் அட்டவணை தொங்குகிறது.
ஆனாலும் இயந்திரத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தன
மூன்றாம் மாடி திருமதி ஏஷ்லிமனின் திரைச்சீலைகள்.
ஒன்பது மாதமாய் நாங்கள் பேசிக்கொள்வது
கதவில் ஒட்டும் மஞ்சள் துண்டுகளில்தான்.
வடிகட்டியில் பஞ்சு.
மன்னிக்கவும், அது உங்கள் பஞ்சு.

நீ என் தோளில் இருந்தாய்.
நெற்றி மூன்றாய் மடிந்தது.
புருவமே முளைக்காத இடத்தில் புருவம் நெரிந்தது.
இமைக்காமல் அவவையே பார்த்தாய்,
ஐந்து வாரத்து நீதிபதி
தீர்ப்பு வாசிக்க எழுந்தது போல.

அவவின் கழுத்து சிவந்தது.
இவளுக்குத் தெரிந்துவிட்டது, என்றா பிரெஞ்சில்.
கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும், என்றா ஜெர்மனில்.
இயந்திரத்தை நிறுத்தி
சொட்டச் சொட்டத் திரைச்சீலைகளை இழுத்தா,
முழங்கைவரை நுரை.
என் மகனும் இப்படித்தான் பார்ப்பான், என்றா.
படிக்கட்டில் ஒரு மகனையும் நான் கண்டதில்லை.
கேட்கவில்லை.

நீ இன்னும் சிவந்தாய்.
ஈர விரலால் உன் பொத்திய கையைத் தொட்டு
போதும் போதும், கோபிக்காதே, என்றா.

அப்போதுதான் உன் அடியிலிருந்து வந்தது
நீளமான, ஈரமான,
சந்தேகத்துக்கு இடம் வைக்காத விளக்கம்.

நெற்றி
இஸ்திரி போட்டது போலானது.

பார், மன்னித்துவிட்டாள், என்றா திருமதி ஏஷ்லிமன்.
வாளியில் திரைச்சீலை, கண்ணில் தண்ணீர்.
அதைத் திருத்துமளவு ஜெர்மன் எனக்குத் தெரியும்.
திருத்தவில்லை.

இரவு மூன்று மணிக்குப் பம்பஸ் மாற்றும்போது
உன் வாயின் இடது ஓரம் மட்டும்
கொஞ்சம் மேலே போனது.
வாயு.
தெரியும் எனக்கு.

குகதாசனை எழுப்பினேன்.