நாற்பத்து மூன்றாவது ஆள்

அடிவாரத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஏறினோம்.
முதுகில் முப்பது ராத்தல், துப்பாக்கி தனி.
கொண்டை ஊசி வளைவுகளைக்
கோயமுத்தூர்க்காரன் எண்ணிக்கொண்டே வந்தான்,
எட்டுக்கு மேல் வைய ஆரம்பித்தான்.
நான் எண்ணவில்லை.
இதே பாதையில் மிளகு மூட்டை இறக்கியவன்.

ஏற்காட்டு ஏரி தாண்டியதும் விடிந்தது.
போன வார மழைக்குக்
காப்பி பூத்துக் கிடந்தது.
மூக்கை மூடச் சொல்லி ஆர்டர் இல்லை.

நாகலூர்த் திருப்பம்.
என் கூரையில் புகை.
ஹவில்தாரிடம் நேற்றே கேட்டிருந்தேன், ரெண்டு நிமிஷம்.
'நீ நின்னா பட்டாளமே நிக்கும்' என்றார்.

வெள்ளச்சி வேலியோரம் வந்து நின்றாள்,
சாமை புடைத்த முறம் கையிலேயே.
எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே காக்கி, ஒரே புழுதி.
அவள் கண் ஒவ்வொரு முகத்தையும்
தொட்டுத் தொட்டு விட்டது.
என்னையும்
தொட்டு
விட்டது.

இடுப்புப் பிள்ளையாய் நான் விட்டுப்போன சடையன்
கல்மேல் ஏறி
விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான்.

லெஃப்ட். ரைட். லெஃப்ட்.

மூன்று மாதம் கழித்துப் பர்மா எல்லையில்
அட்டை கடித்த காலைச் சொறிந்தபடி பிரித்தேன்.
எஸ்டேட் ரைட்டர் எழுத்து, அவள் பேச்சு:
'நம்ம பக்கம் பட்டாளம் போச்சு. தேடினேன், நீங்க இல்ல.
பையன் இப்ப நூறு வரைக்கும் எண்ணுறான்.
நாப்பத்தி மூணாவது ஆளு மட்டும்
காலை மாத்தி வச்சானாம்.
குடிச்சிருப்பான் போல.'

கீழே ஒரு சொல்லின் மேல் கறுப்பு மை.
ஊர்ப் பெயராயிருக்கும்.
எதிரி கண்டுபிடித்துவிடக் கூடாதாம்
என் வீட்டை.