உறை

நீலப்பச்சையாய் வந்தது, இரவு இரண்டு மணிக்கு.
தோல் பதனிடும் ஆலைகள் இங்கே ஏழு;
எதுவென்று ஏழும் சொல்லாது.
ஒரு மணி நேரம் குரோமியம்.
பிறகு வழக்கமான சாம்பல் நிறம்,
ஊர் குளித்தது, துவைத்தது, கழித்தது.

காலையில் நுண்ணோக்கிமேல் குனிந்த துலாம்சூரென்
வெகுநேரம் நிமிரவில்லை.
நேற்றுவரை காம்பு நீட்டி, மணிபோல் வாய் விரித்து,
சின்னச் சுழல் எழுப்பித் தின்றுகொண்டிருந்தவை
இன்று சுருண்ட நூல்.
"யாருமில்லை" என்றாள்,
நாலு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்தவள் மாதிரி.

காற்றூதிகள் ஓடிக்கொண்டேயிருந்தன,
யாரும் மூச்சுவிடாத தொட்டிக்குள்.

மருந்து ஏதும் வாங்கலாமா, மேலாளர் கேட்டார்.
என்ன மருந்து?
கந்தலைச் சல்லடை பிடிக்கும்.
மணல் தானே அடியில் தங்கும்.
கரைந்துபோன அழுக்கைப் பிடிக்க
பசி வேண்டும், ஐயா, பசி.

ஸோரிக்த் லாரி எடுத்தான்.
வடக்கே இருநூற்றுப்பத்து கிலோமீட்டர்,
மைனஸ் முப்பத்தொன்று.
அந்த ஊர்த் தொட்டியிலிருந்து
எட்டாயிரம் லிட்டர் உயிருள்ள சேறு, இரவல்.
வெறும் வண்டியோடு போகாதே என்று
துலாம்சூரென் ஒரு பை பைன் கொட்டை கொடுத்தனுப்பினாள்.
திரும்புகையில்
கூடாரத்துக் கம்பளத்தைத் தாங்கியில் சுற்றிக் கட்டி,
தேநீருக்கும் நிறுத்தாமல் வந்தான்.

மூடியைத் திறந்தோம்.
நாற்றமில்லை.
முதல் மழைக்குப் பிந்தைய மண்.

மங்கோலியர் நாங்களும்
தயிருக்கு உறை இரவல் வாங்குபவர்கள்தாம்.
உறைக்கும் சொத்துக்கும் எங்கள் மொழியில் ஒரே சொல்.

ஆனால் உறை பிடிக்க நாளாகும்.
பதினோரு நாள்
ஆற்றுக்குள் என்ன போயிற்றோ
அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது.
குலான், பணிநேரப் பொறுப்பு.
ஆறு கல்லாய் உறைந்து கிடக்கும் குளிரில்
எங்கள் குழாய் வாயில் மட்டும் ஆவி பறக்கும்;
அந்தக் கையகல நீரை நம்பி
வலசை போகாமல் தங்கிய வாத்துகள் பதினாறு.
தினமும் எண்ணினேன்.
பதினாறு. பதினாறு. பதினான்கு.
பதினான்கு.

பன்னிரண்டாம் நாள் துலாம்சூரென் கூப்பிட்டாள்.
ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன்:
ஒரு காம்பு.
நடுங்கியது, சுருங்கியது, பிறகு
ஒரே ஒரு மணி
வாய் திறந்தது.

இரண்டு வாத்தின் கணக்கை
எந்தப் படிவத்தில் எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை.
இரவு இரண்டு மணி.
கைவிளக்கோடு
குழாயருகே நிற்கிறேன்.