பன்னிரண்டாவது பெயர்

வியாழக்கிழமை. பழைய தீயணைப்பு நிலையம்.
வண்டி நின்ற இடத்தில் பதினான்கு நாற்காலிகள்;
எண்ணெய்க் கறை மட்டும் காலி செய்யவில்லை.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்த மூலையில்
யாரும் வரலாம், கட்டணம் இல்லை,
சுருதி சேராத கிதாருக்கும் தேநீர் உண்டு.

நான் கரண்டி வாசிப்பவன்.
இரண்டு கரண்டி, ஒரு தொடை. அவ்வளவுதான் வித்தை.

மூழ்கிப்போன 'பேர்ல் ஆன்' பாட்டு
இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.
கடைசிக் கண்ணியில் பதினொரு பேர்,
கேப்டன் தொடங்கி வலை இழுப்பவன் வரை
எதுகை பிசகாமல் மூழ்குவார்கள்.

இன்று ட்ரூடி வோக்கி
தேவாலயப் பதிவேட்டின் நகலோடு வந்தாள்.
பன்னிரண்டு, என்றாள்.
சமையல்கட்டுப் பையன். ஒபதியா. வயது பதிமூன்று.

அக்கார்டியன் இழுத்த மூச்சை விடவில்லை.
"தாளத்தில் இடமில்லையே" என்றார் ஹெட்லி,
பனி அள்ளும் வண்டியிலிருந்து நேரே வந்தவர்,
ஈர பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.
கேப்டனை இறக்கிவிடலாம் என்றது ஒரு குரல்.
சிரித்தோம்.
பிறகு சிரிக்கவில்லை.

முதல் தடவை பையன் அடிக்கு வெளியே விழுந்தான்.
அடுத்த தடவை பாதிப் பெயர் கரையேறியது.
அப்புறம்
ஃபிடில்காரி வில்லைத் தூக்காமல்
இன்னொரு இழுப்பு இழுத்தாள்.
கணக்கில் வராத நாலு தட்டு.
என் கரண்டிகள் சும்மா இருந்தன.

ஒ
ப
தி
யா

பாட்டு இப்போது கொஞ்சம் நொண்டுகிறது.
புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில் தடுக்குவார்கள்.
தடுக்கட்டும்.