விடை

ராங்ஃப்ரிட் எழுதிய புகாரில் ஒரே வரி:
செத்துவிட்டதா, வேலை செய்கிறதா,
அதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

நார்வேயின் வடகோடி. மீன் எடைபோடும் கூடம்.
குளிர்காலத்தில் மலைப்பாதையில்
யாரும் தனியாகப் போகக்கூடாது.
பனி வாரும் வண்டி முன்னே,
கார்கள் அதன் பின்னே, வரிசையாக,
இரவு ஒன்பதரைக்கு. தவறினால்
விடியும்வரை மீன்பெட்டிகளோடுதான்.

ஒன்பது இருபதுக்குக் கடையைக் கட்டுவாள்.
கணினியை மூடச் சொன்னதும் திரை கறுக்கும்.
நடுவில் ஒரு வட்டம்
செக்குமாடு மாதிரி சுற்றும்.
சுற்றுகிறேன் என்பதைத் தவிர
அது எதையும் ஒப்புக்கொள்ளாது.

ஜனவரியில் ஒருநாள்
பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியே பிடித்தாள்.
மறுநாள் பார்த்தால்
ஓட்டரின் படகு இறக்கிய முந்நூற்று நாற்பது கிலோ
கணக்கில் இல்லை. ஓட்டர் கத்தவில்லை.
அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

தார்த்தூவில், எங்கள் அறையில்,
சதவீதம் காட்டலாமே என்றான் ஊர்மாஸ்.
எதில் சதவீதம்?
எவ்வளவு பாக்கி என்று எனக்கே தெரியாதபோது
தொண்ணூற்றொன்பதில் போய் நின்றுகொள்வதைவிட
வட்டம் தேவலை. ஊமைதான், புளுகாது.

நாலு நாள் சண்டைக்குப் பிறகு எழுதியது இவ்வளவே:
யார் கிளம்பியாயிற்று, யார் இன்னும் உள்ளே.

தராசு: நின்றது.
அச்சுப்பொறி: நின்றது.
பேரேடு: எழுதி முடித்து, நின்றது.
வால்நெஸ் கிளை: விடைக்குக் காத்திருக்கிறேன்,
அறுநூறு நொடியில் பதினேழு.

விடை வந்தால்தானே
விடைபெற முடியும் அதற்கு.

மார்ச்சில் இரண்டாவது கடிதம்.
வால்நெஸ் கிளையைப் பூட்டி மூன்று வருடமாகிறது,
அங்கே இப்போது யாரோ பனிவண்டி நிறுத்துகிறார்கள்.
இத்தனை இரவும் பத்து நிமிடம்
அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம்
இதுவும் நானும்,
நான் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் சாவியோடு.

அந்தக் கிளையின் பெயரை அவளே நீக்கிவிட்டாள்.
அன்று மாலை வழக்கம்போல மூடச் சொல்லிவிட்டு
கோட்டில் ஒரு கையை நுழைத்தாளாம்.
திரும்பினால் எல்லாம் அணைந்திருந்தது.
மின்விசிறிச் சத்தம்கூட இல்லை.
இன்னொரு கையை எங்கே விடுவதென்று
ஒரு கணம் தெரியவில்லை
என்று எழுதியிருந்தாள்.