மூன்றாம் கேள்வி

கல்லடிப் பள்ளிக்கூட மைதானத்தில்
நாய்கள் தினம் என்று பதாகை கட்டினோம்.
கடற்காற்று இரண்டு தரம் கழற்றியது.
மூன்றாம் தரம் ஷர்மிகா
கட்டாக்காலி ஒன்றின் பழைய கயிற்றால் கட்டினாள்.
நின்றது.

முப்பத்தொரு நாய்கள்.
மீன் சந்தைக்குப் பின்னால் பிடித்தவை,
ஆஸ்பத்திரி வாசலில் யாரோ பெட்டியோடு விட்டவை,
கொழும்பு பஸ்ஸைத் துரத்திப் பிள்ளையாரடி மட்டும் ஓடி
திரும்பத் தெரியாமல் நின்றது ஒன்று.

பிரதம விருந்தினர் ஒலிவாங்கியைத் தட்டினார்.
முப்பதும் ஒரேயடியாகக் குரைத்தன.
அத்தோடு முடிந்தது பேச்சு.
நல்ல பேச்சு.
முப்பத்தோராவது
மேசைக்குக் கீழே
என் செருப்பில் தாடை வைத்துப் படுத்திருந்தது.

என் வேலை படிவம்.
அதில் மூன்றாம் கேள்வி நானே எழுதியது:
வீட்டைச் சுற்றி மதில் உண்டா?
போன வருஷம் மதிலில்லா வீடுகளுக்குக் கொடுத்த இரண்டு
திருமலை வீதியில் முடிந்தன.
அள்ளப் போனவளும் நான்தான்.

"அல்சேஷன் இல்லையா மிஸ்?"
"கறுப்பு வேணாம், மாமி ஏசுவா."
"இது இன்னும் வளருமா?"
குட்டிகள் பத்து மணிக்கே முடிந்தன.
பெரியவற்றின் தலையைத் தடவி
அடுத்த முறை என்று போனார்கள்.
அடுத்த முறை என்றால் என்னவென்று
நாய்களுக்குத் தெரியாது. வாலாட்டின.

டொக்டர் இம்தியாஸ் கடைசி ஊசியும் போட்டு
கை கழுவி, சேட்டு மாற்றி
லுஹருக்குக் கிளம்புகிற நேரம்
சைக்கிளில் வந்திறங்கினார் பூபாலரெத்தினம்.
மண்முனைப் பாலம் தாண்டி, முதலைக்குடாவிலிருந்து.
கரியரில் மடித்த நெல்லுச் சாக்கு.

"ஆனைக்குக் குரைக்கிற நாய் இருக்கா, புள்ள?"

இருந்ததையெல்லாம் காட்டினேன்.
அவர் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார்.
"இது?"
"இது குரைக்காது.
கழுத்தில கம்பி இறுகிக் கிடந்த.
வந்து நாலு மாசம், ஒரு சத்தமில்ல."

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் கதைக்கவில்லை.
சாக்கை விரித்துப் பக்கத்தில் குந்தினார்.
அது மணந்து பார்த்தது.
தும்மியது.
நாலு மாதத்தில் நான் கேட்ட முதல் சத்தம்.

"மதில் இருக்கா?"
"கம்பி வேலி போட்ட நான். ஆனை மிதிச்ச.
மறுகாவும் போட்டன். மறுகாவும் மிதிச்ச.
இப்ப போடுறல்ல."

பேனை நின்றது.
விதி என்னுடையது, அதை மீறவும் நான்தான் வேண்டும்.
எழுதினேன்:
கிழக்கே வாவி. மற்ற மூன்று பக்கமும் வயல்.

சாக்கில் குந்தவைத்துக் கயிறு கட்டி
ஏறி மிதிக்காமல்
பாலம் வரைக்கும், அதற்கு அப்பாலும்
சைக்கிளை உருட்டிக்கொண்டே போனாராம்.
பின்னால் வந்த ஓட்டோக்காரன் சொன்னான்.

பின்னேரம் பன்னிரண்டு
அதே லொறியில் திரும்பின.

எட்டாம் நாள் போன் எடுத்தேன்.
"குரைக்குதா?"
"இல்ல புள்ள."
திரும்ப எடுப்பவற்றின் பக்கத்தைக் கொப்பியில் புரட்டினேன்.
"முந்தாநாள் ராவு மூக்கால என்ட காதைத் தள்ளிச்சு.
எழும்பிப் பார்த்தா, மாமரத்தடியில ஆனை.
குரைச்சிருந்தா வீட்டுக்குத் திரும்பியிருக்கும்.
ரெண்டு பேரும் சத்தமில்லாம இருந்த.
விடியப்போல போயிட்டு."

"பேர் வெச்சிட்டீங்களா?"
"கூப்பிட்டாத்தானே பேர் வேணும்.
பக்கத்திலயே நிக்குது."

மூன்றாம் கேள்வியை நான் அழிக்கவில்லை.
திருமலை வீதி இன்னும் திருமலை வீதிதான்.
கீழே ஒரு வரி கூட்டியிருக்கிறேன்:
இல்லையென்றால், என்ன இருக்கிறது?

பன்னிரண்டு காத்திருக்கின்றன.
அல்சேஷன் இல்லை. கறுப்பு ஐந்து.
சனிக்கிழமை காலையில் வாருங்கள்.
சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.
கேற்றை மட்டும் பார்த்துத் திறவுங்கள்,
பிள்ளையாரடிக்காரன்
இன்னும் பஸ் சத்தம் கேட்டால் ஓடப் பார்க்கிறான்.